சோழவரம் ஏரியே வகுப்பறை ஆனால்..? சமூக அறிவியலை 'செஞ்சு பார்த்து' படிப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் "சோசியல் எப்படிப்பா படிக்கிற?" என்று கேட்டுப் பாருங்கள். "மனப்பாடம்தான்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இயற்பியலுக்கு ஆய்வகம் இருக்கிறது, வேதியியலுக்கு சோதனைக்குழாய் இருக்கிறது. சமூக அறிவியலுக்கு என்ன இருக்கிறது? ஒரு புத்தகம், ஒரு அட்லஸ், தேர்வுக்கு முந்தைய நாள் இரவு. பல பள்ளிகளில் நிலைமை இதுதான்.

ஆனால், சென்னைக்கு வடக்கே ஜி.என்.டி. சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் வரும் சோழவரத்தில் நின்று பாருங்கள். கண் முன்னே ஒரு ஏரி. அந்த ஏரியின் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 35 கி.மீ. தூரத்துக்குள், ஒரு பக்கம் 15 லட்சம் ஆண்டுகள் பழமையான கல் கருவிகள் கிடைத்த அதிரம்பாக்கம். இன்னொரு பக்கம் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய பழவேற்காடு. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு பாடமும் பஸ் போகும் தூரத்திலேயே கிடக்கின்றன.

இவ்வளவும் பக்கத்தில் இருந்தும், இங்குள்ள மாணவர்கள் ஏன் இதையெல்லாம் புத்தகத்தில் மட்டுமே பார்க்கிறார்கள்? நேரில் பார்த்து, அளந்து, கேட்டு, விவாதித்து படிக்கும் 'களப்பாடம்' என்றால் என்ன? அதை எப்படி நடத்துவது? மார்க்குக்கு உதவுமா? விரிவாகப் பார்க்கலாம்.

களப்பாடம்னா என்ன... டூர் போறதா?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பஸ் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, நாலு இடம் பார்த்து, குரூப் போட்டோ எடுத்துவிட்டு வருவது சுற்றுலா. அது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அங்கே மாணவர் கையில் ஒரு கேள்வி இல்லை என்றால், திரும்பி வரும்போது பதிலும் இருக்காது.

களப்பாடத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். போவதற்கு முன்பே ஒரு கேள்வி. அங்கே போய் சேகரிக்க வேண்டிய ஆதாரம். அந்த ஆதாரத்தை வைத்து மாணவரே சொல்லும் ஒரு முடிவு. 'அது சரியா?' என்று மற்றவர்கள் கேள்வி கேட்கும் ஒரு விவாதம். இந்த நான்கும் இருந்தால், பள்ளி காம்பவுண்டைத் தாண்டாமல் கூட களப்பாடம் நடத்தலாம்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி, 1896ஆம் ஆண்டிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு 'ஆய்வுப் பள்ளி'யைத் தொடங்கினார். சமைப்பது, நெய்வது, கட்டுவது போன்ற வேலைகள் வழியாகவே அங்கே பிள்ளைகள் படித்தார்கள். இந்தியாவில் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த 'நயி தாலிம்' என்ற ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியாகக் கற்பதையே பேசியது. 1982ல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கப்பட்ட 'ஏகலைவ்யா' அமைப்பு, அரசுப் பள்ளி மாணவர்களுக்காக, அவர்கள் வாழும் ஊரையும் அனுபவத்தையும் வைத்தே சமூக அறிவியல் பாடநூல்களை உருவாக்கிப் பார்த்தது. தேசிய கலைத்திட்ட வடிவமைப்பு 2005, 'பள்ளியில் படிப்பதை வெளி வாழ்க்கையோடு இணைக்க வேண்டும், மனப்பாட முறையில் இருந்து விலக வேண்டும்' என்பதை தன் முக்கியக் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்தது.

ஆக, கொள்கை அளவில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம்தான். வகுப்பறைக்குள் வரும்போதுதான் அது தடுமாறுகிறது.

ஏரியில் இருந்து தொடங்கலாம்

சோழவரத்தில் இருக்கும் ஒரு பள்ளி களப்பாடம் தொடங்க நினைத்தால், முதல் பாடம் ஏரிதான். காரணம், இந்த ஏரிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் சென்னை நகரம் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் இருந்தது. நகருக்குப் பாதுகாப்பான குடிநீர் வேண்டும் என்று, ஃபிரேசர் என்ற பொறியாளர் கொடுத்த திட்டப்படி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டினார்கள். ஆற்று நீரை அங்கிருந்து சோழவரம் ஏரிக்குத் திருப்பி, பிறகு புழல் ஏரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கால்வாய் வழியாக கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 1872ல் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதாவது 150 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊர் ஏரி சென்னையின் தாகத்தைத் தீர்த்து வருகிறது.

பிறகு 1944ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1983ல் ஆந்திராவும் தமிழ்நாடும் கிருஷ்ணா நதிநீர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆண்டுக்கு 12 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கண்டலேறு அணையில் இருந்து கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையான 'ஜீரோ பாயிண்ட்'டைத் தொட்டு அந்தத் தண்ணீர் பூண்டிக்கு வருகிறது. முதல் முறையாக வந்தது 1996ல்.

இப்போது கேள்விக்கு வருவோம். மாணவர்களிடம் ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "நம்ம ஊர் ஏரித் தண்ணி யாருக்குப் போகுது? அதை யார் முடிவு பண்றாங்க?"

இந்த ஒரு கேள்வியை வைத்து ஐந்து வகுப்புகள் நடத்தலாம். எப்படி?

1. ஊகம்: "ஏரி நிறைஞ்சா எத்தனை பேருக்கு எத்தனை நாள் வரும்?" என்று கேட்டு, ஒவ்வொரு மாணவரும் ஒரு எண்ணை நோட்டில் எழுத வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. முதலில் ஊகித்தவர்தான் பிறகு பதிலைத் தேடுவார்.

2. தரவு: சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் ஏரிகளின் நீர் இருப்பு தினமும் வெளியாகிறது. கடந்த ஆண்டு இதே நாளில் எவ்வளவு இருந்தது என்பதும் அதில் இருக்கும். ஒரு மாணவர் ஒரு வாரம் என்று பொறுப்பு போட்டு, வகுப்புச் சுவரில் ஒரு வரைபடத் தாளில் தினமும் ஒரு புள்ளி வைத்தால் போதும். ஒரு பருவமழை முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழை என்றால் என்ன என்பது சுவரிலேயே தெரியும்.

3. கணக்கு: சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. பூண்டி 3,231, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. ஐந்தும் சேர்த்தால் 11,757 மில்லியன் கன அடி. செய்தியில் 'டிஎம்சி' என்று வருவது ஆயிரம் மில்லியன் கன அடி. அப்படியானால் சோழவரம் ஏரி ஒரு டிஎம்சியை விடக் கொஞ்சம் அதிகம்.

ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர். ஏரி நிரம்பினால் சுமார் 3,061 கோடி லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடும்போது பின்பற்றும் அளவு. கிராமங்களுக்கு 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். ஒரு கோடி பேருக்கு 135 லிட்டர் வீதம் கொடுத்தால், நிறைந்த சோழவரம் ஏரி சுமார் 22 நாள் வரும். 55 லிட்டர் வீதம் கொடுத்தால் சுமார் 55 நாள். ஆவியாவதையும், அடியில் தங்கும் சேற்று நீரையும் கழித்தால் இன்னும் குறையும்.

4. நேரில் கேட்பது: ஏரிக்கரை ஊர்களில் வசிக்கும் பெரியவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். முன்பு இந்தத் தண்ணீரில் விவசாயம் நடந்ததா? கிணறு எத்தனை அடியில் ஊறியது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன ஆனது? 2019ல் சென்னையின் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டபோது இங்கே நிலைமை எப்படி இருந்தது? புத்தகத்தில் கிடைக்காத பதில்கள் இவை.

5. விவாதம்: வகுப்பை ஐந்து குழுவாகப் பிரிக்கலாம். ஏரிக்கரை விவசாயிகள், சென்னை நகரவாசிகள், தொழிற்சாலைகள், மீன் பிடிப்பவர்கள், நீர்வளத்துறை அதிகாரிகள். 'ஏரியில் பாதிதான் தண்ணீர் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு?' என்பதுதான் பிரச்சினை. விதி ஒன்றுதான்: சேகரித்த எண் அல்லது சாட்சியம் இல்லாமல் யாரும் பேசக் கூடாது.

நகரத்துக்கு 135, கிராமத்துக்கு 55 என்ற இரண்டு எண்களையும் கரும்பலகையில் பக்கத்துல பக்கத்துல எழுதிப் போட்டாலே போதும். "ஏன் சார் நமக்கு மட்டும் கம்மி?" என்று ஒரு மாணவர் கேட்பார். இன்னொருவர் "நகரத்துல கழிவுநீர்க் குழாய்க்கும் தண்ணி வேணும்ல?" என்று பதில் சொல்வார். அந்த இடத்தில்தான் குடிமையியல் பாடம் உண்மையில் தொடங்குகிறது.

ரேஸ் நடந்த ஊரு: தாத்தாவும் ஒரு வரலாற்று ஆதாரம்

ஏரியைத் தாண்டி சோழவரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்த பிறகு, அந்த ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனி பந்தயத் தடம் வரும் வரை, இந்தியாவின் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம் என்று இருந்த காலம் அது.

பத்தாம் வகுப்பில் உலகப் போர் பாடம் வருகிறது. ஹிட்லர், முசோலினி, பேர்ல் ஹார்பர் என்று படிக்கும் மாணவருக்கு, அந்தப் போரின் ஒரு துண்டு தன் ஊரிலேயே கிடக்கிறது என்பது தெரியுமா?

இங்கே செய்ய வேண்டியது 'வாய்மொழி வரலாறு'. பந்தயத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாணவர்கள் செல்போனில் ஒலிப்பதிவு செய்து, மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள். ஆண்டு மாறும், கூட்டத்தின் அளவு மாறும், ஜெயித்தவர் பெயர் மாறும். அப்போது பழைய நாளிதழ், புகைப்படம் என்று வேறு ஆதாரத்தைத் தேட வேண்டி வரும். வரலாற்று ஆய்வாளர்கள் செய்வதும் இதையேதான். 'ஆதாரங்களை ஒப்பிட்டுப் பார்த்தல்' என்று புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது, இங்கே ஒரு வார வேலையாக மாறுகிறது.

பூண்டி, அதிரம்பாக்கம்: 15 லட்சம் ஆண்டு பழைய பாடம்

சோழவரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் அதே கொசஸ்தலை ஆற்றை மேற்கே பின்தொடர்ந்து போனால், பூண்டி பக்கம் அதிரம்பாக்கம் வரும். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இந்த ஊர் பெயர் இருக்கிறது.

1863ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்திலும் கல் கருவிகளைக் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வில், இங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டு, 2011ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. இடைக்கற்காலத்துக்கும் முந்தைய 'இடைப் பழங்கற்கால' தொழில்நுட்பம் இங்கே சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. உலகமே பேசிய செய்தி. நடந்த இடம், திருவள்ளூர் மாவட்டம்.

பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. 1985ல் தொடங்கப்பட்டது. அங்கே கைக்கோடாரிகளை நேரில் பார்க்கலாம்.

மாணவர்களுக்கு என்ன வேலை? ஒரு கைக்கோடாரியை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்து வரைய வேண்டும். எந்தப் பக்கம் செதுக்கப்பட்டிருக்கிறது? கையில் பிடிக்க வசதியான பக்கம் எது? வெட்டவா, தோலுரிக்கவா, கிழங்கு தோண்டவா? வரைந்தவருக்கு மட்டும்தான் கண்ணில் படும் விஷயங்கள் இவை. போட்டோ எடுத்தவர் பார்க்காமலே வந்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை: ஆற்றங்கரையில் கல்லைப் பார்த்தால் எடுத்துப் பையில் போடக் கூடாது. ஒரு கருவி எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைக் கண்டுபிடிக்கிறார்கள். இடத்தை விட்டு எடுத்துவிட்டால், அது வெறும் கல்தான். ஏன் எடுக்கக் கூடாது என்று புரிந்துகொள்வதே பாதி தொல்லியல் பாடம்.

பழவேற்காடு: கல்லறை சொல்லும் கணக்கு

ஐரோப்பியர்களின் வருகை பாடத்தில் 'டச்சுக்காரர்கள் - பழவேற்காடு' என்று பொருத்துக கேள்வி வரும். மாணவர்கள் கோடு போட்டுப் பொருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரையில் இருந்து துணி வாங்கி, அதைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் மசாலாப் பொருட்களுக்கு மாற்றுவது அவர்களின் முக்கிய வியாபாரம். 1690ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கோட்டை இன்று இல்லை. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலிலேயே எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும்.

இங்கே மாணவர்கள் செய்ய வேண்டியது எளிது. கல்லறைக் கற்களில் உள்ள ஆண்டுகளை எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை வயதில் இறந்தார்கள்? குழந்தைகள் உண்டா? எந்த ஆண்டுகளில் அதிகம்? டச்சு மொழி தெரிய வேண்டியதில்லை, எண் தெரிந்தால் போதும். 'வியாபாரம் செய்ய வந்தார்கள்' என்ற ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு நோயும் சாவும் இருந்தது என்று அப்போதுதான் உறைக்கும். அதே துறைமுகத்தில் இருந்து இந்த மண்ணின் மனிதர்கள் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்லறைக் கல் எதுவும் கிடையாது. 'யாருடைய வரலாறு கல்லில் எழுதப்படுகிறது?' என்ற கேள்வியை ஆசிரியர் அங்கேயே கேட்கலாம்.

அதே ஊரில் இன்னொரு பாடமும் உண்டு. பழவேற்காடு ஏரியில் மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் வலை விரிப்பது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பொதுச் சொத்தை சண்டை இல்லாமல் பங்கிடும் ஏற்பாடு. அதே சமயம், அந்த முறைக்குள் யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்பதிலும் கேள்விகள் உண்டு. ஏரித் தண்ணீரை யாருக்கு எவ்வளவு என்று வகுப்பில் விவாதித்த மாணவர்களுக்கு, இது நன்றாகவே புரியும்.

சிப்காட்டும் செங்கல் சூளையும்: வீட்டிலேயே பொருளியல்

ஒன்பதாம் வகுப்பு பொருளியலில் 'இடம்பெயர்தல்' என்று ஒரு பாடம். பத்தாம் வகுப்பில் 'தமிழ்நாட்டில் தொழில்துறை தொகுப்புகள்' என்று ஒரு பாடம். இந்த இரண்டுக்கும் இந்தப் பகுதியை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்பவர்களில் உள்ளூர்க்காரர்கள் உண்டு, வடமாநிலங்களில் இருந்து வந்தவர்களும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவில் இருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள். இருளர் பழங்குடியினர் பல தலைமுறைகளாக இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள்.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் அம்மா, அப்பாவே இந்தப் பொருளாதாரத்தின் பகுதிதான். ஆகவே கணக்கெடுப்பு வகுப்பறையிலேயே தொடங்கலாம். தாத்தா என்ன வேலை பார்த்தார்? அப்பா, அம்மா என்ன வேலை? எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு வந்தார்கள்? ஏன்? பெயர் எழுதாத சீட்டில் வாங்கி, கரும்பலகையில் தொகுத்தால், விவசாயத்தில் இருந்து தொழிற்சாலைக்கும் சேவைத் துறைக்கும் ஒரு ஊர் மாறிய கதை மூன்று வரிசையில் தெரியும்.

பெயர் எழுதாத சீட்டு என்பது முக்கியம். எந்த மாணவருக்கும் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் வரக் கூடாது. சாதி, சம்பளம், கடன் பற்றிக் கேட்கக் கூடாது. தொழிற்சாலைக்கோ சூளைக்கோ அனுமதி இல்லாமல் மாணவர்களை அனுப்பவும் கூடாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976, மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் 1979 ஆகியவை ஏன் கொண்டுவரப்பட்டன என்று வகுப்பில் படித்தாலே, சாலையில் போகும்போது பார்க்கும் காட்சிகள் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

கிராம சபை: ஓட்டுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை

73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993ல் நடைமுறைக்கு வந்தது. இது எல்லா மாணவருக்கும் தெரியும். 'உங்க ஊர் கிராம சபைக்குப் போயிருக்கியா?' என்று கேட்டால்தான் அமைதி.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை நடத்த வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் உறுப்பினர்கள். பள்ளி மாணவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனால் ஊராட்சியிடம் சொல்லிவிட்டு, பெரியவர்களுடன் போய் கவனிக்கலாம். எத்தனை பேர் வந்தார்கள், பெண்கள் எத்தனை பேர் பேசினார்கள், எந்தப் பிரச்சினைக்குத் தீர்மானம் போட்டார்கள் என்று குறிப்பெடுக்கலாம். அடுத்த கிராம சபையில் அந்தத் தீர்மானம் என்ன ஆனது என்று பார்க்கலாம்.

கர்நாடகாவில் குழந்தைகளுக்காகவே 'மக்கள கிராம சபா' நடத்துகிறார்கள். கேரளாவில் குடும்பஸ்ரீ அமைப்பின் கீழ் 'பாலசபா' இயங்குகிறது. அதே மாதிரி பள்ளியிலேயே மாதிரி கிராம சபை நடத்தி, மாணவர்கள் போடும் தீர்மானத்தை ஊராட்சிக்கு ஒரு மனுவாகக் கொடுக்கலாம். பத்தாம் வகுப்பு மாணவருக்கு 15 வயது. இன்னும் மூன்றே ஆண்டில் அவர் வாக்காளர். தன் ஊர் தண்ணீரைப் பற்றி எண்களோடு பேசத் தெரிந்த வாக்காளரா, கட்சிக் கொடியை மட்டும் பார்க்கும் வாக்காளரா என்பது இந்த வயதில்தான் முடிவாகிறது.

சரி, மார்க் வருமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 மதிப்பெண் செய்முறை. சமூக அறிவியலுக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுதான். சிபிஎஸ்இயில் சமூக அறிவியலுக்கு 80 மதிப்பெண் தேர்வு, 20 மதிப்பெண் அகமதிப்பீடு. அதாவது மாநிலப் பாடத்திட்டத்தில், ஏரிக்கரைக்குப் போய் அளந்து வந்த மாணவருக்கும் போகாதவருக்கும் பொதுத் தேர்வில் தனி மதிப்பெண் கிடையாது. ஆசிரியர்கள் தயங்குவதற்கு இதுதான் பெரிய காரணம். பாடத்தை முடிக்க வேண்டும், திருப்புதல் தேர்வு நடத்த வேண்டும், தேர்ச்சி சதவீதம் காட்ட வேண்டும்.

ஆனால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கீழ் வகுப்புகளில் தொடங்குவது. 2012-13ல் அறிமுகமான தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. அதில் செயல்பாடுகளுக்கும் இடம் உண்டு. சார்ட் ஒட்டி வாங்கும் அந்த மதிப்பெண்ணை, ஏரி வரைபடத்துக்கும் வாய்மொழி வரலாற்றுக்கும் கொடுக்கலாமே?

இரண்டு, பத்தாம் வகுப்பு வினாத்தாளிலேயே வரைபடம் குறிப்பது, காலக்கோடு வரைவது என்று கேள்விகள் வருகின்றன. கொசஸ்தலை ஆற்றைக் கையால் வரைந்து, பூண்டி, தாமரைப்பாக்கம், சோழவரம், எண்ணூர் என்று குறித்த மாணவருக்கு தமிழ்நாட்டு ஆறுகளைக் குறிப்பது பயமாக இருக்காது. 1613, 1863, 1872, 1944, 1983, 1996 என்று தன் ஊரைச் சுற்றியே ஒரு காலக்கோடு போட்டவருக்கு, மற்ற ஆண்டுகளை அதன் பக்கத்தில் வைத்து நினைவில் கொள்வது எளிது.

ஒன்றை மறைக்கவும் கூடாது. களப்பாடத்துக்கு நேரம் அதிகம் பிடிக்கும். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. ஒரு பருவத்துக்கு ஒரு களப்பாடம் என்பதே நல்ல இலக்கு.

அரசுப் பள்ளியில் இது நடக்குமா?

நடந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒரு மாணவர் மன்றம் இயங்கி வந்திருக்கிறது. அங்கே மாணவர்களுக்குப் பழைய எழுத்துகளைப் படிக்கவும், கல்வெட்டைப் படியெடுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். தங்கள் ஊர்களில் கிடைத்த பழைய நாணயங்களையும் பானை ஓடுகளையும் அந்த மாணவர்களே அடையாளம் கண்டு சொன்ன செய்திகள் நாளிதழ்களில் வந்தன. பெரிய நிதி எதுவும் தேவைப்படவில்லை. ஆர்வமுள்ள ஆசிரியர், நேரம் கொடுத்த பள்ளி, ஊரைத் தெரிந்த பிள்ளைகள், இவ்வளவுதான் முதலீடு.

பாதுகாப்பு: இதில் சமரசம் கூடாது

ஏரி என்றாலே பெற்றோருக்குப் பயம் வரும். அந்தப் பயம் சரியானது. சில விதிகள் கட்டாயம்:

* தண்ணீரில் இறங்குவது கிடையாது. ஏரிக்கரைக்குப் போவதற்கும் நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும்.
* மழைக்காலத்தில், உபரி நீர் திறக்கும் நாட்களில் ஏரி, ஆறு பக்கம் போகவே கூடாது. அந்த நாட்களில் இணையதள எண்களே போதும்.
* தலைமை ஆசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், குழுவுக்கு ஒரு ஆசிரியர், மாணவிகளுடன் ஆசிரியை, முதலுதவிப் பெட்டி.
* ஜி.என்.டி. சாலை லாரிகள் ஓடும் சாலை. நடந்து கூட்டிச் செல்வதாக இருந்தால் சாலையைக் கடக்கும் இடம் முன்பே முடிவாக வேண்டும்.
* நடக்க முடியாத மாணவர் இருந்தால், அவருக்கும் வேலை இருக்கும் இடத்தையே தேர்வு செய்ய வேண்டும். "நீ ஸ்கூல்லயே இரு" என்று விட்டுவிட்டுப் போவது பாடம் ஆகாது.

செலவே இல்லாமல் நாளைக்கே தொடங்க முடியுமா?

முடியும். பஸ் வேண்டாம், அனுமதி வேண்டாம். ஒரு வாரத்துக்கு இப்படிச் செய்து பார்க்கலாம்:

திங்கள்: வீட்டுக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் பிடித்தார்கள் என்று எழுதத் தொடங்க வேண்டும்.
செவ்வாய்: ஐந்து ஏரிகளின் இன்றைய நீர் இருப்பை எழுதி, முழுக் கொள்ளளவில் எத்தனை சதவீதம் என்று கணக்கிட வேண்டும்.
புதன்: கூகுள் எர்த் செயலியை கணினியில் திறந்து, தன் ஊர் ஏரி, குளத்தின் பழைய செயற்கைக்கோள் படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட வேண்டும்.
வியாழன்: வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், 'நீங்க சின்ன வயசுல தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க?' என்று கேட்டு எழுத வேண்டும்.
வெள்ளி: எல்லாவற்றையும் வகுப்பில் வைத்து, 'நம் ஊரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கிடைக்கிறது?' என்ற கேள்விக்கு வகுப்பே சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்.

அந்த விடை 55 லிட்டரை விட அதிகமா, குறைவா? குறைவு என்றால், அடுத்த கிராம சபை எப்போது என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதுதான். மாணவர்கள் போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே கேள்வி கேட்கும் உரிமை அவர்களின் பெற்றோருக்கு இருக்கிறது.